வழக்கமாக இருக்கிறவர்கள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் புருஷன் வீட்டிலும் இதைத்தான் சொன்னார்கள், நான் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் மெட்ரிக் பள்ளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். என் அம்மா பாக்கியமேரி ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலில் முழங்கால் போட்டு, ஆண்டவரே, பிரிஸ்கில்லாவுக்குப் பொறுமையைக் கொடும் என்று கேட்கிறாள். ஆண்டவருக்கு அதைவிட அவசரமான வேலைகள் இருக்கும் போலிருக்கிறது.

அந்த வெளிநாட்டு மாணவர்கள் வந்தது ஜூலை மாதம். மூன்று பேர். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு என்ன தேவை என்று கண்டுபிடித்து வரும்படி அவர்களுடைய பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதாம். தலைவி ஹன்னா, டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். ஓவன் என்கிற பையன் டேப்லெட்டில் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே இருப்பான். மூன்றாவது பெண் வந்த அன்றே நம் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் படுத்தவள், திரும்பிப் போகும்வரை கொசுவலையை விட்டு வெளியே வரவில்லை.

அவர்களை அழைத்து வந்தவர் விஜய் சார். எங்கள் காலனி ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நடவு நட்டது அவருடைய அப்பா ராஜாராம் நிலத்தில்தான். மகன் இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அறக்கட்டளை நடத்துகிறார். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கேட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த வேலை. தெரிந்துதான் ஒரு வாரம் லீவு போட்டு ஒப்புக்கொண்டேன்.

வேலை இப்படி நடக்கும். எந்த வீட்டுக்குப் போவது என்று டேப்லெட்டே குலுக்கிப் போட்டுச் சொல்லும். அந்த வீட்டு வாசலில் நின்று, இங்கே வழக்கமாக இருப்பவர்கள் யார் யார் என்று முதலில் கேட்க வேண்டும். இருப்பவர்களில் யாராவது கர்ப்பிணியாக இருந்தால் அவள் கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்ப்பார்கள், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், சிறுநீரில் ஒரு காகிதத்தை முக்கிப் பார்ப்பார்கள். அது நல்ல விஷயம்தான். எங்கள் பக்கத்து நர்ஸம்மாவே பிரசவ லீவில் போயிருந்த நேரம் அது. அவளும் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தான் போயிருந்தாள்.

மானாம்பதிப் பக்கம் எங்கள் காலனியில் ஆரம்பித்த திங்கட்கிழமையே எங்கள் வீடு குலுக்கலில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கி வந்து, முந்தானையால் துடைத்து, ஹன்னாவை உட்கார வைத்தாள். கேள்வி கேட்கப் போவது பெற்ற மகள் என்பதையே மறந்துவிட்டு, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இந்த வூட்ல வழக்கமா யார் யாரு கீறீங்க?" என்று கேட்டேன்.

"நானு. உங்க நைனா. அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"வேற யாரு? ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. கட்டிக் குடுத்தாச்சி."

கட்டிக் கொடுத்த ஒருத்தி எதிரே நின்று கேள்வி கேட்கிறேன். புருஷனை விட்டு வந்து மூன்று வருஷமாக இந்த வீட்டில்தான் உலை வைக்கிறேன். இன்னொருத்தி, என் தங்கச்சி ஷாரோன், எட்டு மாத வயிற்றோடு உள்ளே உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருக்கிறாள். தோடு உடைகிற சத்தம் வாசல்வரை கேட்கிறது. அம்மா கூசாமல் சொல்கிறாள், இரண்டு பேர் என்று.

அவள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தத் தாயைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வாள். கட்டிக் கொடுத்த பெண்ணைத் தன் வீட்டு ஆளாக வாயால் சொல்லிவிட்டால் அவள் வாழாவெட்டியாகத் திரும்பி வந்துவிடுவாள் என்று ஒரு பயம். ஏற்கெனவே ஒருத்தி வந்து உட்கார்ந்திருக்கிற வீட்டில் அந்தப் பயம் இரண்டு பங்கு. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறவளை விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். நானே அதை ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பேர். ஓவன் தட்டிக்கொண்டான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "என் தங்கை உள்ளே இருக்கிறாள், எட்டு மாதம்" என்று ஹன்னாவிடம் சொன்னேன். அதற்குள் ஷாரோனே எழுந்து வந்துவிட்டாள். வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் முழங்கைவரை ஏறி நின்றன. போன மாதம் போட்டபோது குலுங்கியவை இப்போது சதையில் அழுந்திக் கிடந்தன.

"அக்கா, எனக்கும் அந்தப் பட்டைய கட்டிப் பாக்கச் சொல்லேன். காலெல்லாம் வீங்கிக்கினு கீது."

"புள்ளத்தாச்சின்னா நீர் கோக்காத இருக்குமா? பார்லி கஞ்சி குடிச்சா வடிஞ்சிடும். மூஞ்சப் பாரு, இன்னா பளபளப்பு" என்றாள் அம்மா, பெருமையாக.

ஹன்னா அவளைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு, குறை சொல்ல முடியாது. இவள் எத்தனை மாதமாக இங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்தோம் என்றேன். "அப்படியானால் இந்த வீட்டுக் கணக்கில் வர மாட்டாள். குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். கணவர் வீட்டில் இவள் கணக்கில் வந்துவிடுவாள், கவலைப்படாதே" என்றாள். பட்டையை மட்டும் கட்டிப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். கணக்கில் இல்லாத ஒருவருக்குப் பார்த்தால் எல்லோருக்கும் பார்க்க வேண்டியிருக்கும், ஆய்வுக்கு அனுமதி கொடுத்த பல்கலைக்கழகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். பிறகு ஷாரோனின் வளையல்களை விரலால் தொட்டு, ரொம்ப அழகு என்றாள். பிரஷர் பார்க்கிற பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவங்க ரூல்ஸ்டி. நாளைக்கி ஆஸ்பத்திரிக்கிப் போவலாம்" என்றேன் ஷாரோனிடம்.

"வளையல் போட்டவள ஏரிக்கரை தாண்டிக் கூட்டிக்கினு போவக்கூடாது. நர்ஸம்மாவே வூட்டுக்கு வருவாங்க" என்றாள் அம்மா.

"எந்த நர்ஸம்மா வருவாங்க? அவங்களே புள்ள பெத்துக்கப் பூட்டாங்கம்மா!"

"அவங்களுக்குப் பதிலா ஒருத்தர் வராங்கன்னு சொன்னாங்கல்ல. ஊர விட்டு ஊரு வந்த பொண்ண அலைய வெச்சி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா சம்பந்திக்கு நீ பதில் சொல்றியா?"

பதிலுக்கு வருகிற நர்ஸம்மாவுக்கு இன்னும் இரண்டு மூன்று ஊர் சேர்ந்து தலையில் விழுந்திருந்தது. அவர் எங்கள் தெருவுக்கு வருகிற முறை அடுத்த வாரம். செவ்வாயும் புதனும் விடியற்காலையில் அம்மாவோடு சண்டை போட்டேன். நைனா ஞானதாஸ் எப்போதும்போல் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குக் கிளம்பிவிட்டார். வேன் வந்து ஹாரன் அடித்தது. நானும் போய் ஏறிக்கொண்டேன், அடுத்தவர் வீட்டுக் கர்ப்பிணிக்கு என்ன தேவை என்று கேட்க.

வியாழக்கிழமை புள்ளலூர். அது ஷாரோனைக் கொடுத்த ஊர். குலுக்கல் என்றால் குலுக்கல்தான், அவள் மாமியார் ஆதிலட்சுமி வீடே வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இங்கேயாவது என் தங்கச்சி பேர் ஏறும், பேர் ஏறிவிட்டால் ஹன்னாவைக் கையோடு எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பட்டையைக் கட்டச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"வழக்கமா கீறவங்களா? நான், எங்க வூட்டுக்காரரு, எம் மவன் வசந்த்குமாரு. அவன் ஒரகடத்துல கம்பெனி வேலைக்கிப் போய்க்கினு கீறான்."

"மருமவ?" என்றேன்.

"இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்கற? அவ அம்மா வூட்டுக்குப் பூட்டா. கொயந்த பொறந்து மூணாம் மாசம் அழைச்சிக்கினு வந்தாதான் இனிமே இந்த வூட்டு ஆளு. இப்ப இங்க புள்ளத்தாச்சி யாரும் இல்ல."

ஓவன் விரல் டேப்லெட்டுக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று ஹன்னா கேட்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் பட்டை கட்டிய பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தேன். இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருந்தவள், மூன்றாவதாவது பையனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டவள், போதும் போதும் என்று அலுத்துக்கொண்டவள். எல்லோரும் இரண்டாவது, மூன்றாவது. தலைச்சன் பிள்ளையைச் சுமக்கிற ஒருத்தியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. புருஷன் வீட்டில் கேட்டால் அம்மா வீட்டில் இருக்கிறாள், அம்மா வீட்டில் கேட்டால் புருஷன் வீட்டு ஆள். எங்கள் சீமையில் வளையல் போட்ட பெண்ணுக்கு வீடே கிடையாது.

வேனில் ஏறியதும் ஹன்னாவிடம் இதைச் சொன்னேன். கோபத்தில் என் ஆங்கிலம் தடுமாறும், அன்று தடுமாறவில்லை. அவள் புத்திசாலி, உடனே புரிந்துகொண்டாள். கண்கள் விரிந்தன. "இது மிக முக்கியமான விஷயம், அறிக்கையில் குறைபாடுகள் என்ற பகுதியில் கட்டாயம் இதைக் குறிப்பிட வேண்டும்" என்றாள். ஓவன் நன்றி என்றான்.

"குறைபாடா? அது என் தங்கச்சி" என்றேன்.

"மதியம் சாப்பிட்டுப் பேசிக்கலாம்மா, எல்லாரும் டயர்டா கீறாங்க" என்றார் முன்சீட்டிலிருந்த விஜய் சார்.

மறுநாள் காலை அறக்கட்டளை ஆபீசில் எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஷாரோனுக்கு விடிந்ததிலிருந்து தலை பிளக்கிறதாம். மேல்வயிறு வலிக்கிறதாம். கண் முன்னால் மின்மினி பறக்கிறதாம்.

"அந்த வெள்ளக்காரப் பொண்ணு வளையலத் தொட்டுக் கண்ணு வெச்சிட்டா. மொளகா சுத்திப் போட்டேன், நெடியே வரல" என்று அழுதாள் அம்மா.

ஹன்னாவிடம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன், மிளகாயைத் தவிர. அவள் கையிலிருந்த இட்லியைக் கீழே வைத்துவிட்டாள். மேல்வயிற்று வலி என்றபோது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். "உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடு" என்றாள். கூப்பிட்டேன். வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வருவதற்கு நேரமாகும் என்றார்கள். வாசலில் எங்கள் வேன் நின்றுகொண்டிருந்தது.

"இந்த வண்டில பேஷண்ட் ஏத்தக்கூடாதும்மா. இன்சூரன்ஸ் அவங்க மூணு பேருக்குத்தான். வழியில ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றது? நாளைக்கி நிறைவு விழா வேற, பெரிய மனுஷங்கள்லாம் வராங்க. பேஜார் பண்ணாத" என்றார் விஜய் சார்.

"ஏதாவது ஆனா யாரு பதில் சொல்றதுன்னு நீங்க கேக்கறீங்களா? எங்க வூட்டு வாசல்ல வந்து நாற்காலி போட்டு உக்காந்தீங்களே, எதுக்கு? வேடிக்க பாக்கவா? ஒரு பட்டையக் கட்டறதுக்கு ஆறு மாசம் குடியிருக்கணும்னா அந்தப் பட்டையத் தூக்கி ஏரில போடுங்க!"

ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நான் சொன்னது அவளுக்குப் புரிந்தது. மேஜை மேலிருந்த பையை எடுத்துக்கொண்டு அவள்தான் முதலில் போய் வேனில் ஏறினாள். விஜய் சார் ஆங்கிலத்தில் ஏதோ விதியைச் சொல்லிக்கொண்டே படியிறங்கி வந்தார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் ஷாரோன் பாயில் சுருண்டு கிடந்தாள். ஹன்னா தரையில் மண்டி போட்டு அவள் கையில் பட்டையைக் கட்டினாள். வளையல்களைக் கீழே தள்ள முடியவில்லை, கை அப்படி வீங்கியிருந்தது. மெஷின் நூற்றெழுபதைத் தாண்டிக் காட்டியது. ஹன்னா நம்பாமல் மறுபடி கட்டினாள். மறுபடியும் அதே. நான்கு நாளுக்கு முன்னால் இதே வாசலில் அழகு என்று சொன்ன பெண் அவள். எனக்கு அவளை அறையவும் தோன்றியது, அவள் கையைப் பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை.

வேனில் அம்மா மடியில் தலை, என் மடியில் கால். காஞ்சிபுரத்துக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது ஷாரோனின் கண் மேலே செருகியது. பல் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது. அம்மா ஏசுவே ஏசுவே என்று கத்தினாள். ஹன்னா அவளை ஒருக்களித்துப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, வேகமாகப் போ, வேகமாகப் போ என்று டிரைவரைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஓடி ஓடிப் பார்த்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு வாய் அழுகிவிடும். ஷாரோனைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. தலை நிறைய முடி.

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பொண்ணு பொழைச்சதே பெரிசு. இந்த வாரம் ஆரம்பத்துலயே யாராவது ஒருத்தர் பிரஷர் பார்த்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. வீட்ல கர்ப்பிணிய வச்சிக்கிட்டு யாருமே பார்க்கலையா?"

பிரஷர் மெஷின் வீடு தேடி வந்து, வாசலில் நின்று, எங்களை எண்ணிவிட்டுப் போனது என்று எந்த வாயால் சொல்வது? அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். முட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மனசு கேட்காமல் போய் இழுத்து உட்கார வைத்தேன்.

மிச்சத்தைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் சொல்லத்தான் போகிறேன். சாயங்காலம் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொடுத்தார்கள். வசந்த்குமார் கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்தான், கையில் ஹெல்மெட்டோடு. ஆதிலட்சுமியும் வந்திருந்தாள். வண்டி நிறுத்துகிற இடத்தில் வேப்பமரத்தடியில் நின்று எங்கே அடக்கம் செய்வது என்று பேச ஆரம்பித்தார்கள்.

"எங்க வூட்டு வாசப்படியே மிதிக்காத கொயந்த. அத நாங்க எப்பிடி எங்க ஊருக்கு எடுத்துக்கினு போறது? உங்கூட்ல இருக்கும்போது ஆனது, நீங்களே பாத்துக்கோங்க" என்றாள் ஆதிலட்சுமி.

"உங்க ரத்தம் இல்லயா அது? சம்பந்தி வூட்டுப் பொணத்த எங்க மண்ணுல பொதச்சா எங்களுக்கு ஆவுமா? இன்னும் ஒரு பொண்ணு வாழாத ஒக்காந்துக்கினு கீறா" என்றாள் அம்மா. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

அந்த மாமியாரை வெறுத்தேன். என்னைப் பெற்றவளை அதைவிட வெறுத்தேன். ஹெல்மெட்டைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆண்பிள்ளையை எல்லோரையும்விட வெறுத்தேன்.

"வசந்து, உம் பொண்ணுடா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு" என்றேன்.

"பெரியவங்க பேசிக்கினு கீறாங்க அண்ணி" என்றான்.

குழந்தையை அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். இரண்டு கிலோ அரிசி கனம்கூட இல்லை. "தாயும் புள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. நீங்க மண்ணையே வேற பண்ணிட்டீங்க. ஒருத்தரும் எங்கூட வராதீங்க!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். வாட்ச்மேன் வந்து, சத்தம் போடாதே என்றான். அவனையும் திட்டினேன்.

மானாம்பதிக் கல்லறைத் தோட்டத்தில் நைனாதான் குழி வெட்டினார். மண்வெட்டியை ஓங்கி ஓங்கிப் போட்டார். பொம்பளை கல்லறைக்கு வரக்கூடாது என்று கோயில் பெரியவர் ஒருத்தர் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் இரண்டாம் தடவை சொல்லவில்லை. நானே இறங்கி வைத்தேன்.

மறுநாள் காலை ஹன்னா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். ராத்திரி தூங்காத கண். யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "மன்னிச்சிடுங்க" என்று தமிழில் சொன்னாள். நான் மன்னிக்கவில்லை. மன்னிப்புக் கேட்பது சுலபம், விமானம் ஏறிவிட்டால் அதுவும் மறந்துவிடும். ஆனால் அவள் தோளில் அந்தப் பை இருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

"ஊருக்கு எப்போது?" என்றேன்.

"நாளை இரவு விமானம். இன்றைக்கு விழா. நான் விழாவுக்குப் போகவில்லை" என்றாள். "மறுபடி எல்லா வீடுகளுக்கும் போகலாமா? குலுக்கல் வேண்டாம், கணக்கும் வேண்டாம். இதற்கு எனக்கு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் என்னை விசாரிப்பார்கள்."

"விசாரிக்கட்டும்" என்றேன். சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

காலனி முனையில் விஜய் சார் பைக்கை நிறுத்தி வழி மறித்தார். வெள்ளைச் சட்டை, தோளில் விழாவுக்கான பொன்னாடைப் பை. "தலைவியே இல்லாம விழா நடத்தச் சொல்றியா? நடந்தது நடந்துபோச்சு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணி இன்னா பிரயோஜனம்?"

"கெட்டது என் தங்கச்சி கண்ணு சார். மத்த பொண்ணுங்களுக்கு இன்னும் கண்ணு நல்லாத்தான் கீது. வழிய வுடுங்க."

அவர் விடவில்லை. நாங்கள் பைக்கைச் சுற்றிக்கொண்டு போனோம்.

முதல் வீடு முனியம்மாள் வீடு. திங்கட்கிழமை போய்க் கேட்ட வீடுதான். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். ஷாரோனுக்கு நடந்தது தெரு முழுக்கத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நானும் எம் மவனும்தாம்மா கீறோம். அன்னிக்கே சொன்னேனே."

"பின்னால கொடில காயற நைட்டி யாருது?"

"அது... எம் பொண்ணு திலகா. ஒம்பதாம் மாசம். வந்துட்டுப் போறவ. அவள எதுக்கும்மா இதுலல்லாம்..."

"உம் பொண்ணு வாழாவெட்டியாயிடுவான்னு பயந்தா அந்தப் பாவம் என்னோட போவட்டும். நான்தான் ஏற்கெனவே ஆயிட்டனே. தள்ளு."

தள்ளவில்லை. நானே அவள் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு உள்ளே போனேன். ஹன்னா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தாள். உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே, இருபது வயசுகூட இருக்காது, ஒரு பெண் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் கீறேன்."

"அத மெஷினு சொல்லட்டும்டி" என்று கத்தினேன். "கைய நீட்டு."